மீன் பாடுகிறதா, ஊரி குளறுகிறதா?



மட்டக்களப்பைப் பற்றிப் பேச மேடையேறும் எவரும் 'மீன்பாடும் தேன்நாடு' என்ற தொடரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நானும் அந்த வழக்கத்துக்கு விலக்கானவன் அல்லன். பரிசளிப்பு விழா வரவேற்புரை, கல்லூரி மலர், தமிழ்த்தினப் போட்டிக் கட்டுரை என்று எங்கு பார்த்தாலும் அத்தொடர் வந்து நிற்கும். சென்ற ஆண்டு உயர்தர வகுப்பில் அணியிலக்கணம் நடந்துகொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், மீன் பாடுதெண்டு நாம எல்லாரும் சொல்றம். அது உண்மையா, இல்லாட்டி தற்குறிப்பேற்றமா?" என்று கேட்டாள். தற்குறிப்பேற்றம் என்ற சொல்லைச் சரியான இடத்தில் வைத்தாளே என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகுதான் கேள்வியின் கனம் தெரிந்தது. உண்மையா, அணியா என்று அவள் இரண்டு வழிகளைக் காட்டினாள். அவ்விரண்டுக்கும் முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் சொல்வது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றா, அன்றா என்பதே அது. இன்றைய உரைக்கு அதையே பொருளாகக் கொள்கிறேன்.

தமிழ் கற்பிக்கும் ஒருவன் விஞ்ஞானத்தின் எல்லைக்குள் கால் வைக்கலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். இந்த மண்ணில் அந்தத் தயக்கம் தேவையில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார், பேராசிரியராகித் தமிழ் கற்பிப்பதற்கு முன் விஞ்ஞானம் கற்பித்தவர். அவரைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

ஒரே வாக்கியம் இரண்டு வேலைகளைச் செய்ய முடியும். "நிலாக் காலத்தில் எங்கள் வாவியிலே மீன் பாடும்" என்று கவிஞர் பாடினால், உண்மை அறியத் தோணியேறிப் போகிறவர் எவருமில்லை. அங்கே வாவிமீது கொண்ட அன்பு சொல்லப்படுகிறது. அதற்குச் சான்று கேட்பது தாலாட்டுக்குச் சான்று கேட்பது போன்றது. அதே வாக்கியத்தை ஒருவர் செய்தியாகச் சொல்கிறார் என்று வையுங்கள். உடனே அவர்மீது சில கடமைகள் வந்து விழுகின்றன. வாவியின் எந்தப் பகுதியில்? எந்த மாதத்தில்? இரவில் மட்டுமா? எத்தகைய ஒலி? எல்லாவற்றுக்கும் மேலாக, எதைக் கண்டால் "நான் சொன்னது தவறு" என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முன்கூட்டியே விடை தருகிற கூற்றைத்தான் சோதனைக்கு உட்படத்தக்க கூற்று என்கிறோம். அது மெய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. பொய்யாகவும் முடியலாம். பொய்யானால் அதைக் காட்டிக்கொடுக்கும் வழியை அது தன்னிடத்திலேயே வைத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நம் வாவியின் ஒலியை அவ்வாறு அணுகியவர்களுள் நன்றாக எழுதிவைத்தவர் ஓர் ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரி. ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, கோட்டை வாசலுக்கு அண்மையில் தோணியில் சென்று அந்த ஒலியைக் கேட்டிருக்கிறார். 1859இல் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய பெருநூலில் இந்தச் செய்தி இருக்கிறது. ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வுபோல, ஒரே நீண்ட சுருதியாக இல்லாமல் தனித்தனியான சின்னஞ்சிறு ஒலிகளின் கூட்டமாக அது இருந்தது என்பது அவர் தரும் வருணனை. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதாம். இன்றும் நம்மவர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது இதே காரணத்தால்தான்.

வருணனையை யாரும் எழுதலாம். என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த படி. கரையிலுள்ள பூச்சிகளின் இரைச்சல்தான் நீர்ப்பரப்பின் வழியே வந்து நம்மை ஏமாற்றுகிறதோ என்று அவர் தம்மையே கேட்கிறார். அப்படியானால் பூச்சியின் ஒலி தடையின்றி வரக்கூடிய இடத்தில்தான் அது ஓங்கிக் கேட்கவேண்டும். கோட்டையும் அதன் கட்டடங்களும் குறுக்கே நிற்கும் இடத்தில் மங்கவேண்டும். நடந்ததோ நேர்மாறு. கோட்டை மறைக்கும் இடங்களிலேதான் ஒலி தெளிவாக இருந்தது. பூச்சி என்ற கருத்து அத்துடன் போயிற்று. இன்னொன்றையும் கவனித்தார். தோணி நகர்ந்தபோது ஒலி கூடிக் குறைந்தது, சில இடங்களில் முற்றாக மறைந்தது, பழைய இடத்துக்குத் திரும்பியதும் மீண்டும் கேட்டது. ஆகவே ஒலி எழுப்புவது எதுவாயினும் அது ஓரிடத்தில் நிலையாக இருப்பது என்று முடிவுசெய்தார். நீந்தித் திரியும் மீன் அன்று, அடித்தளத்தில் கிடக்கும் சிப்பி நத்தை இனமே என்று மீனவர் சொன்னதோடு அது பொருந்தியது.

ஆம் நேயர்களே, அன்றைய மீனவர் மீன் பாடுவதாகச் சொல்லவில்லை. ஊரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வரட்சிக் காலத்தில் மட்டுமே கேட்கும், மழைவெள்ளம் வந்து வாவி பெருகினால் நின்றுவிடும் என்பதும் அவர்கள் சொன்னதே. எவ்வளவு திட்டமான கூற்று, பாருங்கள்! மார்கழி வெள்ளத்தில் ஒருநாள் ஒலி கேட்டுவிட்டால் போதும், அந்தக் கூற்று விழுந்துவிடும். விழக்கூடியதாக ஒன்றைச் சொல்லத் துணிந்த அந்த மீனவர்களின் பெயர்கள் நூலில் இல்லை.

இங்கே தமிழாசிரியனாக ஒரு சிறு விலகலுக்கு இடம் கேட்கிறேன். அந்த உயிரினத்துக்குத் தமிழர் இட்ட பெயர் என்று டெனன்ட் ஆங்கில எழுத்தில் தருவதை நம் எழுத்தில் மாற்றினால் 'ஊரி கூலீரு கிறடு' என்பதுபோல வரும். 'அழும் சிப்பி' என்று பொருளும் தருகிறார். இதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'ஊரி குளறுகிறது' என்று காதில் விழவில்லையா? நம் பேச்சில் குளறுதல் என்றால் வாய்விட்டு அழுதல். மீனவர் பெயர் சொல்லவில்லை, நீருக்குள் கைகாட்டி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார்கள். துரை அதைப் பெயர் என்று குறித்துக்கொண்டார் என்பது என் எண்ணம். இதுவும் ஒரு கருதுகோள்தான். அக்காலத்து வேறு குறிப்பு எதிலாவது அச்சொல் வினையாக அன்றிப் பெயராகவே ஆளப்பட்டிருந்தால் என் எண்ணத்தைக் கைவிடவேண்டியிருக்கும். கைவிடுவேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

மீண்டும் ஒலிக்கு வருவோம். கல்லடிப் பாலத்தின் தூண்களில் நீர் மோதுவதால் எழும் ஓசையைத்தான் மீன் பாட்டு என்கிறோம் என்று ஒரு மாணவர் என்னிடம் வாதிட்டார். நல்ல கூற்று. ஏனென்றால் அதை ஒரே வரியில் தோற்கடிக்கலாம். லேடி மனிங் பாலம் 1920களில் எழுந்தது. டெனன்ட் ஒலியைக் கேட்டது 1848இல். தூண் இல்லாத காலத்தில் தூணின் ஓசை எப்படி வரும்? மாணவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். இப்படித் தோற்கும் கூற்றுகளுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். ஒரு பக்கத்தை அடைத்து மற்றப் பக்கம் போகச் சொல்கின்றன.

ஊரியா, மீனா என்ற வழக்கு அவ்வளவு இலகுவில் முடியவில்லை. ஒலி நிலையாக ஓரிடத்திலிருந்து வருகிறது என்பது டெனன்டின் அவதானம். ஆகவே மீன் அன்று என்பது அவருடைய ஊகம். அவதானம் உறுதியானது, ஊகத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓரிடத்தில் நிலைத்திருக்கும் மீன்களும் உண்டல்லவா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சோசலிட்டோ என்ற இடத்தில் வீட்டுப் படகுகளில் மக்கள் வசிக்கிறார்கள். 1980களில் கோடைகால இரவுகளில் அவர்களுடைய படகுகளின் அடியில் ஒரு ரீங்காரம் எழுந்து தூக்கத்தைக் கெடுத்தது. நீரிறைக்கும் இயந்திரம் என்றார்கள், கழிவுநீர்க் குழாய் என்றார்கள், இராணுவத்தின் இரகசியச் சோதனை என்றும் சொன்னார்கள். முடிவில் அது ஒருவகைத் தேரை மீனின் ஒலி என்று தெரிந்தது. ஆண் மீன் கல்லின் கீழ்க் கூடமைத்து, காற்றுப்பையைச் சூழ்ந்த தசைகளை விநாடிக்கு ஏறத்தாழ நூறு தடவை அதிரச் செய்து பெண் மீனை அழைக்கிறது. கூட்டை விட்டு அது நகர்வதில்லை. அத்தகைய மீன் நம் வாவியில் இருந்தால் டெனன்டின் தோணியில் இருந்தவர்களுக்கும் ஒலி ஓரிடத்தில் நிற்பதாகவே கேட்டிருக்கும்.

பின் எப்படித் தீர்ப்பது? ஒலி கேட்கும் இடத்திலிருந்து ஊரிகளை எடுத்து வாவி நீர் நிரப்பிய தொட்டியில் இட்டு, இரவு முழுவதும் நீரொலிவாங்கி வைத்துப் பார்க்கலாம். மீன்களை வேறு தொட்டியில் இட்டும் அவ்வாறே செய்யலாம். இரண்டும் மௌனமாக இருந்தால் உடனே இரண்டும் இல்லை என்று தீர்த்துவிடவும் கூடாது. தொட்டிக்குள் அடைபட்ட உயிர் பாடவேண்டும் என்று சட்டம் இல்லையே. ஒரு சோதனை தோற்கும்போது கருத்து தோற்றதா, சோதனை செய்த முறை தோற்றதா என்பதை இன்னொரு சோதனையால் பிரித்தறியவேண்டும். விஞ்ஞானிகளும் இதிலேதான் மாதக்கணக்காகத் திண்டாடுகிறார்கள். பாடநூலில் அது ஒரு பந்தியாகிவிடுகிறது.

கத்தோலிக்கத் துறவியான லாங் அடிகளார் இந்த ஒலியைப் பதிவுசெய்து, 1960களில் அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அண்மைக் காலத்திலும் நீரொலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். பதிவு ஒன்றை நிலைநாட்டுகிறது: ஒலி உண்டு, அது கேட்போரின் மனமயக்கம் அன்று. யார் எழுப்புகிறார் என்பதை அது சொல்லவில்லை.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். கல்லடியில் முழுநிலா இரவொன்றில் ஒருவர் வந்து காது கொடுத்து, ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். "இண்டைக்குக் காத்து கூட. மறுகா ஒருநாள் வாங்க" என்கிறோம். காற்றில்லாத நாளில் வருகிறார், கேட்கவில்லை. நீர் கலங்கியிருக்கிறது என்கிறோம். நீர் தெளிந்தபோது வருகிறார். பாலத்தில் வாகன இரைச்சல் என்கிறோம். வாகனம் ஓய்ந்த பின்னிரவில் வருகிறார். அப்போதும் கேட்கவில்லை. "அதெல்லாம் குடுத்துவச்ச ஆக்களுக்குத்தான் கேக்கும்" என்று முடித்துவிடுகிறோம். ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயமானதுதான், அந்தக் கடைசிக் காரணம் நீங்கலாக. முதல் மூன்றையும் அளந்து பார்க்கலாம். நான்காவதை அளக்க வழியில்லை. கேட்டால் கொடுத்துவைத்தவர், கேட்காவிட்டால் கொடுத்துவைக்காதவர். எது நடந்தாலும் கூற்று வென்றுவிடுகிறது.

எது நடந்தாலும் வெல்லும் கூற்றைக் கண்டு ஐயுற்றவர் வியன்னாவில் பிறந்த கார்ல் பொப்பர். 1919இல், பதினேழு வயதிலேயே இந்தச் சிந்தனை தமக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். 1934இல் வந்த அவருடைய நூல் இதையே முதன்மைப் பொருளாகக் கொண்டது. அவர் தரும் உதாரணம் நம் வாவிக்கரைக்கும் பொருந்தும். ஒருவன் ஒரு குழந்தையை மூழ்கடிக்க நீரில் தள்ளுகிறான். இன்னொருவன் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றத் தன் உயிரையே கொடுக்கிறான். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த உளவியல் கொள்கைகள் இரண்டு செயலையும் ஒரே எளிமையோடு விளக்கின. ஒருவனுக்கு அடக்கிய உணர்ச்சி, மற்றவனுக்கு உயர்ந்த வழியில் திரும்பிய உணர்ச்சி. கொள்கையின் ஆதரவாளருக்கு இது அதன் பெரிய பலமாகத் தெரிந்தது. பொப்பருக்கோ அதுவே பலவீனமாகப் பட்டது. அதே 1919இல், சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி இவ்வளவு வளையும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கை எண்ணால் சொல்லியிருந்தது. அளந்தவர்கள் வேறு எண்ணைக் கண்டிருந்தால் கொள்கைக்குப் பெரும் இடர் வந்திருக்கும். அந்த இடரை ஏற்றுக்கொள்ளும் துணிவையே அவர் விஞ்ஞானத்தின் அடையாளமாகக் கொண்டார். பொப்பரோடு மாறுபடும் மெய்யியலாளர் பலர். ஒரு முரண் தோன்றியதும் கொள்கையைத் தூக்கியெறிந்துவிட முடியாது என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயம் உண்டு. தொட்டிச் சோதனையைப் பற்றி நான் சொன்னதும் அதுவே.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்துத் தந்த சங்கதி என்று எண்ணவேண்டாம். மணிமேகலையைக் கதைக்காகப் படிப்பவர்கள் 'தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதை' வந்ததும் ஏட்டை மூடிவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால், ஆசிரியர்களும் அந்த இடத்தில் வேகம் கூட்டுகிறோம். அறவண அடிகள் அங்கே அளவைநெறி கற்பிக்கிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப்போல என்பது திட்டாந்தம். அதோடு நிற்கவில்லை. நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இராது, நீரைப்போல என்ற எதிர்மறை எடுத்துக்காட்டும் வேண்டும். ஏதுவானது எங்கே இருக்கவேண்டும் என்பதோடு, எங்கே இருக்கக்கூடாது என்பதையும் காட்டவேண்டும் என்கிறது அந்நெறி. இருக்கக்கூடாத இடத்திலும் இருந்துவிட்டால் அந்த ஏது போலியாகும். அநைகாந்திகம் என்று அதற்குப் பெயர். "ஒலி நீருக்குள்ளிருந்து வருகிறது, ஆகவே மீன்" என்பவர் இந்தப் போலிக்குள் நேராக விழுகிறார். நீருக்குள் இருப்பது மீன் மட்டுமா? ஊரியும் உண்டு, இறாலும் உண்டு.

அதே காதையில் இன்னொரு நுட்பம். தூரத்தே தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத நிலையில், அதைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிந்துவிடுவதும் ஏதுவின் குற்றங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. தை மாத விடியலில் படுவான்கரைக்குத் துறையைக் கடந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. வாவியின்மேல் எழும் பனி அப்படியே அடுப்புப்புகைபோலத்தான் இருக்கும். பொப்பருக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்திய இந்த அளவைநெறியும் அவருடைய முறையும் ஒன்றே என்று நான் வாதாட வரவில்லை. அப்படிப் பெருமை பேசுவது இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. கூற்று எங்கே தவறும் என்று கேட்கும் பழக்கம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தப் பழக்கம் ஓர் ஊருக்கு உயிர்ப்பிரச்சினையாகவும் வரும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலை சுமத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி, ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்குள் அலை நம் கரையை அடைந்தது. கல்லடி, டச்பார், நாவலடி என்று நான் பெயர்களைச் சொன்னால் போதும், கேட்கும் உங்களில் பலருக்கு முகங்கள் நினைவுக்கு வரும். அதன்பிறகு சில ஆண்டுகள் நாம் எத்தனை 'எதிர்வுகூறல்'களோடு வாழ்ந்தோம்! கடல் மறுபடி பொங்கும் என்பார் ஒருவர். எப்போது என்றால், காலம் கெட்டுக் கிடக்கிறது என்பார். எங்கோ ஓர் இடத்தில் சிறு அலை அடித்தாலும் "சொன்னேனே" என்பார். அடிக்காவிட்டால் வேண்டுதலால் தப்பினோம் என்பார். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் நடுங்கியபோது வந்த எச்சரிக்கை வேறு வகையானது. இடம் சொன்னது, அளவு சொன்னது, அலை வரக்கூடிய நேரம் சொன்னது. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பேரலை வரவில்லை, எச்சரிக்கை அன்று மாலையே விலக்கப்பட்டது. "விஞ்ஞானமும் பொய்த்துப் போச்சு" என்று அன்றிரவு பலரும் பேசினார்கள். பொய்த்தது என்று நம்மால் சொல்ல முடிந்ததே அது திட்டமாகப் பேசியதால்தான். ஏன் வரவில்லை என்பதற்கும் பிறகு விடை கிடைத்தது. 2004இல் கடலடித் தட்டு மேல்நோக்கி எழுந்து நீரைத் தூக்கியது. 2012இல் தட்டுகள் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தன. நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. இந்த விடையும் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியதே.

இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் விடுத்த அறைகூவலை மூத்த நேயர்கள் அறிந்திருப்பார்கள். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத சக்தியைக் காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். அவருடைய இறைமறுப்பு எனக்கு உடன்பாடில்லை. காலையில் திருநீறு பூசாமல் நான் வகுப்புக்குப் போவதில்லை. ஆனால் நிபந்தனையைக் காட்சிக்கு முன்பே இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று அவர் வற்புறுத்தியது எனக்குப் பிடிக்கும். கோயிலுக்குப் போகிறவனுக்கும் அதில் இழப்பு எதுவும் இல்லை. என் வழிபாடு வாவியின் ஒலியைப் பற்றியோ நிலநடுக்கத்தைப் பற்றியோ எதிர்வுகூறுவதில்லை.

அடிகளாரிடம் வருவதாகச் சொல்லியிருந்தேன். வாவியில் எழும் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பனை செய்து அவர் கவி பாடினார். அந்தக் கவிதையில் சான்று தேடுவது வீண். அதே மனிதர் 'யாழ்நூ'லில் என்ன செய்தார்? மறைந்துபோன யாழின் நரம்புகளைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் உரையையும் கொண்டு கணக்கிட்டார். பின்னங்கள், எண்கள், அலகுகள். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வந்த 'கருணாமிர்த சாகர'த்தில் ஒரு தானத்துக்கு 24 சுருதி என்று வாதிட்டிருந்தார். அடிகளார் 22 என்ற கணக்கில் நின்றார். இருபத்துநான்கும் இருபத்திரண்டும் ஒருங்கே சரியாக இருக்க முடியாது. காதும் கணக்கும் உள்ள எவரும் வந்து இருவரில் ஒருவரை மறுக்கலாம், மறுத்தும் இருக்கிறார்கள். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியபோது யாழும் மீட்டப்பட்டது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். நீரரமகளிரைப் பாடிய வாய்க்கும் பின்னங்களைக் கணித்த கைக்கும் இடையே அவர் குழம்பவில்லை. எதை எங்கே சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடினமான இடத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மீன் முன்போலப் பாடுவதில்லை என்று இப்போது பலர் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், யுத்தத்தின் வெடியோசையில் மீன்கள் ஓடிவிட்டன என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். நான் பிள்ளைப்பருவத்தைக் கழித்த காலம் அது. அந்த வாக்கியத்துக்குள் மீனை விடப் பெரிய பல இழப்புகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆகவே அதற்குச் சான்று கேட்க நா எழுவதில்லை. பாட்டாக அதை ஏற்றுக்கொள்கிறேன், முழுமனதோடு. செய்தியாகச் சொன்னால்?

செய்தியாகச் சொன்னால் முதற்கேள்வி இது. யுத்த காலத்து இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்திக் காது கொடுத்தவர் யார்? இருட்டியபின் வீட்டு வாசலைத் தாண்டாத காலமல்லவா அது? சோதனைச்சாவடி, ஊரடங்கு, அச்சம். ஒலி நின்றதா, கேட்க ஆளில்லாமல் போயிற்றா? இரண்டும் ஊரில் ஒரே பேச்சாகத்தான் முடியும்: "இப்ப கேக்கிறல்ல." வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன. சுனாமி வாவித்தளத்தைக் குழப்பிற்று என்பார்கள். 2013இல் திறந்த புதிய பாலத்தின் கட்டுமானம் என்பார்கள். நகரின் கழிவு என்பார்கள். இவை ஒவ்வொன்றையும் சோதிக்கத்தக்கதாக ஆக்கிக்கொள்ள முடியும். சுனாமி காரணமென்றால் முகத்துவாரத்தை அண்டிய இடங்களில் பாதிப்பு மிகவும், தெற்கே உள்வாங்கிய பகுதிகளில் குறைவாகவும் இருக்கவேண்டும். பாலத்தின் வேலை காரணமென்றால் வேலை முடிந்த பின்னர் ஆண்டுக்காண்டு மீட்சி தெரியவேண்டும். ஆனால் ஒப்பிடுவதற்கு முன்னைய பதிவு வேண்டுமே! டெனன்டின் ஓர் இரவு இருக்கிறது. லாங் அடிகளாரின் ஒலிப்பதிவு இருக்கிறது. அவற்றுக்கிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நாம் பாட்டு எழுதினோம், நாட்குறிப்பு எழுதவில்லை. இன்று வாவி முற்றாக மௌனித்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்கவும் முடியாமல், நிறுவவும் முடியாமல் நிற்போம். வாவிக்காக வழக்காட வருபவரின் கையில் தேன்நாடு என்ற தொடரைத் தவிர வேறு ஆவணம் இராது.

ஆகையால் சில மாணவரும் அவர்களுடைய பெற்றோரும் நானும் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். திகதி, இடம், நேரம், பிறை, காற்று, மழை, முகத்துவாரம் திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா, எத்தனை நிமிடம் கேட்டோம், எத்தனை பேர் கேட்டார்கள். அருகருகே இருந்து கேட்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுதவேண்டும் என்பது ஒரு விதி. முழுநிலா இரவில் மட்டும் போனால் முழுநிலாவில் மட்டும்தான் கேட்கும் என்று தோன்றிவிடும் என்பதால் அமாவாசையிலும் போகிறோம். கோடையில் போவதுபோல மாரியிலும் போகவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பழைய மீனவரின் கூற்றுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

எங்களைத் தோணியில் ஏற்றிச் செல்பவர் வாவியிலே முடி நரைத்தவர். சென்ற மாதம் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, "கேக்காத நாளையும் எழுதுறீங்களா சேர்?" என்றார்.

"ஓம் அண்ண, அதக் கட்டாயம் எழுதோணும்."

"அப்ப கெதியா இன்னொரு கொப்பி வாங்கிருங்க" என்று சொல்லித் தோணியைத் திருப்பினார்.